இரண்டாகத் தெரிந்த விசிலண்ணன்

மார்ச் 3

அன்புள்ள சகலை அண்ணனுக்கு,

இங்கே நானும் உங்கள் மச்சினியும் சுகம். அங்கே உங்கள் முட்டிவலி குறைந்ததா, அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆசை.

கையில் போன் இருக்கும்போது இவனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பீர்கள். நாம் இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கம் அக்காவும் இந்தப் பக்கம் தங்கையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாம் வைப்பதற்குள் விஷயம் நான்கு வீடு தாண்டிவிடுகிறது. அதனால்தான் உங்கள் காலேஜ் லேப் விலாசத்துக்கு எழுதுகிறேன். பதிலை நீங்களும் என் துறைமுக அலுவலகத்துக்கே போடுங்கள்.

விஷயம் எனக்கில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு நண்பருக்கு. அவரும் என்னைப் போல கிரேன் ஓட்டுபவர்தான். சில மாதமாக, திடீரென்று மனசு திடுக்கிட்டால் அவருக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம். காற்றில் சுமை ஒரு ஆட்டம் ஆடினால் போதும், ஒரு கொக்கி இரண்டு கொக்கி ஆகிவிடுகிறது. ஒரு கண்ணைப் பொத்தினால் சரியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒன்றாகச் சேர்ந்துவிடும். நீங்கள் அட்ரினலின், கண் தசை என்று என்னவோ செய்வதாக அண்ணி ஒருமுறை சொன்னார்களே, அதனால் கேட்கிறேன். பயந்தால் கண் இப்படிச் செய்யுமா?

வேலையிடத்தில் வேறொரு தலைவலி. கீழே நின்று கைச்சைகை காட்டும் விசிலண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? வாயில் எப்போதும் விசில், பேச்சே கிடையாது. அந்த மனிதர் என் சுமையை மட்டும் ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தச் சொல்லி முஷ்டியைத் தூக்குகிறார். ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணுகிற நேரம். அப்புறம்தான் இறக்கக் கை காட்டுகிறார். மற்ற கிரேன்காரர்களுக்கு இந்த உபசாரம் இல்லை. பதினாலு வருஷம் கேபினில் உட்கார்ந்தவனுக்கு இது அவமானமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணியிடம் என் வணக்கம். நண்பர் விஷயம் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சகலை

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டதும் முட்டிவலி பாதி போய்விட்டது. மீதி பாதி மாடிப்படி ஏறும்போது இருக்கிறது. உன் அண்ணி நலம்.

கேட்டாயே ஒரு கேள்வி! சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இங்கே எங்கள் மேஜையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன், உன் நண்பருக்குப் படித்துக் காட்டு. கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கண் வரும். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு நாடாத் தசையை எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீர்க் குழாயில் தொங்கவிட்டு, மேல்முனையை ஒரு மெல்லிய குச்சியில் கட்டுவேன். தசை சுருங்கினால் குச்சி அசையும். சுற்றுகிற உருளையில் கரிபிடித்த தாள் சுற்றியிருக்கும், அதில் குச்சி கோடு இழுக்கும். முதலில் வெறும் உப்புநீர் விட்டு, கோடு நேராகப் போகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அட்ரினலின்.

கால் தசைக்கு இதே மருந்தை விட்டுப்பார், தேமே என்று கிடக்கும். கண்ணை நகர்த்துகிற தசை அப்படியில்லை. நிதானமாக இறுகும், இறுகி அப்படியே நிற்கும். நரம்பு அதைக் கூப்பிடவே வேண்டாம். தளரவும் அவசரப்படாது. மூன்று முறை புது நீர் மாற்றிக் காத்திருந்தால்தான் கோடு பழைய இடத்துக்கு இறங்கும்.

ஆகவே விஷயம் வெட்டவெளிச்சம். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஊறுகிறது. அது கண் தசையை இழுக்கிறது. கண் விலகுகிறது. இரண்டாகத் தெரிகிறது. உன் நண்பரிடம் பயப்படாமல் இருக்கச் சொல். மூச்சை ஆழமாக இழுத்து விடட்டும். வேறொன்றும் இல்லை.

என் மச்சினிக்கு ஆசிகள்.

உன் அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்துக்குக் குறைவில்லை.

உங்கள் கடிதம் வயிற்றில் பால் வார்த்தது, அதாவது நண்பர் வயிற்றில். மூன்று முறை வாங்கிப் படித்தார். நோய் இல்லை, வெறும் பயம்தான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. இப்போது கேபினில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே வேலை செய்கிறார். ஆனாலும் சாயங்கால நேரத்தில், களைப்பில், பயமே இல்லாதபோதும் இரண்டு தடவை கம்பி இரண்டாகப் பிரிந்தது. பயத்துக்குப் பயப்படாமல் இருப்பது எப்படி என்று ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

விசிலண்ணன் விஷயத்தில் என் பொறுமை போய்விட்டது. நேற்று டீ குடிக்கும் இடத்தில் பையன்கள் சிரிக்கிறார்கள். "ஏங்க, உங்க பெட்டி மட்டும் என்ன முட்டையா? இவ்ளோ பாத்துப் பாத்து எறக்குறாரு!" என்று கேட்கிறார்கள். நேரே போய் மேற்பார்வையாளரிடம் எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்றே தாமதம் செய்கிறார் என்று எழுதினேன். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். மனிதர் வாயே திறக்கவில்லையாம். இன்று மறுபடியும் அதே முஷ்டி, அதே ஐந்து!

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
சகலை

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? மச்சினி நலமா? உன் நண்பர் நலமா? மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்த பின் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் லேபை நடத்தும் பேராசிரியை அம்மாவிடம் போய், ஒரு தெரிந்தவருக்கு நான் இன்ன மாதிரி சொன்னேன் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்கள். அவர்கள் அப்படி வைத்தால் மழைதான்.

"குழாய்ல தொங்குற சதையப் பாத்துட்டு உயிரோட இருக்குற மனுஷனுக்கு வைத்தியம் சொன்னீங்களா? நாம விடுற மருந்து எவ்ளோ, பயத்துல ஒடம்புல ஊறுறது எவ்ளோ? ஒரு கண்ணுக்கு ஆறு சதை. ஆறும் சேந்து கொஞ்சம் இறுகினா கண்ணு நடுவுலதானே நிக்கும், எதுக்கு வெளிய ஓடணும்? பயந்தவன் எல்லாருக்கும் ரெண்டாத் தெரியுதா? அந்த ஆளுக்கு வேற ஏதோ இருக்கு. பயம் அத வெளிய காட்டுது. அவ்ளோதான். உடனே கண் டாக்டர்கிட்ட அனுப்புங்க."

இருபத்துமூன்று வருஷ வேலையில் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. தம்பி, நான் சொன்னது தப்பு. சாயங்காலம் பயமில்லாமலே இரண்டாகத் தெரிந்தது என்று நீ எழுதினாயே, அதுவே நான் தப்பு என்பதற்குச் சாட்சி. நண்பர் டாக்டரைப் பார்க்கும்வரை கேபினில் ஏறக் கூடாது. ஒரு நாள்கூடக் கூடாது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

பதில் உடனே போடு.

உன் அண்ணன்

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை, தெரியாததுதான் இங்கே தூக்கத்தைக் கெடுக்கிறது.

நாற்பத்துநான்கு நாள் ஆகிறது. போனில் கேட்டால், "நல்லாருக்கோம் அண்ணே, மழை வரும்போல இருக்கு" என்கிறாய். நான் மழையைக் கேட்கவில்லை. நண்பர் டாக்டரைப் பார்த்தாரா?

அண்ணன்

மே 27

அன்பு அத்தானுக்கு,

அக்காவும் நீங்களும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் லேபுக்கு எழுதுவது இவருக்குத் தெரியாது.

இவர் சாப்பாட்டுப் பையைக் கழுவும்போது அடியில் உங்கள் கடிதங்கள் கிடைத்தன. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். படித்துவிட்டேன். அத்தான், அந்த நண்பர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

போன வாரம் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு பல்லி தொப்பென்று இவர் முன்னால் விழுந்தது. அதிர்ந்துபோய் எழுந்து நின்று, "ரெண்டும் எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார். விழுந்தது ஒரு பல்லி. நான் சிரித்தேன். கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

இவர் காலையில் ஷூ மாட்டிக் கிளம்பினால், தெரு திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டால் சண்டை வரும். கேபின் போய்விடுமோ என்ற பயம் இவருக்கு. கேபின் போனால் போகட்டும் அத்தான், யார் தலையிலாவது சுமை விழுந்துவிட்டால் அப்புறம் இவர் எப்படி உயிரோடு இருப்பார்? நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் மேல் அவ்வளவு மரியாதை.

அக்காவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் மச்சினி

ஜூன் 2

என் தம்பிக்கு,

நலம் விசாரிப்பை இந்த ஒருமுறை பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

உன் இரண்டாவது கடிதத்திலேயே எனக்குத் தெரியும். நண்பருக்காக யாரும் கடிதத்தை மூன்று முறை வாங்கிப் படிப்பதில்லை. தெரிந்தும் "உன் நண்பர்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன், உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. மானத்தைக் காப்பாற்றி மனிதனைக் கைவிட்டேன். தானாகச் சொல்வான் என்று காத்திருந்ததும் என் தப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் நம் குடும்பத்தில் ஒருவர்கூட என் வேலை என்ன என்று கேட்டதில்லை. "அவரு காலேஜ்ல பாட்டில் கழுவுறாரு" என்று என் மாமனாரே சொல்லியிருக்கிறார். முதன்முதலாகக் கேட்டவன் நீ. கேட்டதும் தலைகால் புரியவில்லை. வெறும் உப்புநீரை விட்டுப் பார்க்காமல் மருந்தை விடக் கூடாது என்று காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், உன்னிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்காமல் பதிலை விட்டேன். அந்தத் தெம்பில்தான் நீ இன்னும் மேலே ஏறுகிறாய்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த விசிலண்ணன் மற்றவர்களுக்கு எண்ணுவதில்லை. விசாரித்தபோது வாய் திறக்கவில்லை. புகார் போன பிறகும் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே தொந்தரவு செய்கிறவர் இப்படியா செய்வார்? ஏன் எண்ணுகிறார் என்று அவரையே கேட்டாயா?

இறங்கி வா, தம்பி. நான் கூட வருகிறேன். உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது?

அண்ணன்

ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இன்றைக்கு இதைவிடப் பெரிய நலம் எழுதத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. படித்தேன், கோபம் வந்தது, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அன்று கீழே விசிலண்ணன் இல்லை. நான் கொடுத்த இரண்டாவது புகாரில் அவரை வாசல் கேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஆமாம், இரண்டாவதும் கொடுத்தேன். அதை உங்களுக்கு எழுதவில்லை.

புது ஆள் நின்றார். நல்ல சுறுசுறுப்பு. ஆள் உயரம் வந்தது, நிறுத்தவில்லை, இறக்கு இறக்கு என்று கை காட்டினார். அந்த நேரம் பார்த்துக் காற்று. பெட்டி ஒரு ஆட்டம் போட்டது. எனக்கு இரண்டு பெட்டி, இரண்டு ஆள். எந்த ஆள் நிஜம், எது பொய் என்று தெரியவில்லை அண்ணா. கை தானாகப் பழக்கத்தில் இறக்கியது. பெட்டியின் மூலை, அந்த மனிதரின் தொப்பிக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் இடித்தது. சத்தம் மேலேவரை கேட்டது.

அவர் பயந்து நின்றார். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், காற்றுதான் காரணம் என்று நினைத்துவிட்டார். நான் அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இயந்திரத்தை அணைத்துவிட்டு ஏணியில் இறங்கினேன். ஒவ்வொரு படியும் இரண்டு படியாகத் தெரிந்தது.

நேரே கேட்டுக்குப் போனேன். விசிலண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எதுக்குண்ணே எனக்கு மட்டும் அஞ்சு எண்ணுனீங்க?" என்று கேட்டேன். விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"கேபின் தரை கண்ணாடிதானே, கீழ இருந்து பாத்தா உன் கை தெரியும். சுமை ஆடுனா ஒரு கண்ணப் பொத்துவ. அஞ்சு எண்ணுறதுக்குள்ள கைய எடுத்துடுவ. எத்தனையோ தடவ எண்ணிப் பாத்தேன், அஞ்சு தாண்டுனதில்ல. அதான்."

"மேற்பார்வையாளர் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒன்ன எறக்கிடுவாங்க. உங்கிட்டயே கேட்டிருக்கணும். கேக்கல. எனக்குப் பேச வராதுப்பா, அது என் தப்புதான்."

அண்ணா, அந்த கேட்டுக்கு முன்னாலேயே, லாரிக்காரர்கள் பார்க்க, சின்னப் பிள்ளைபோல அழுதேன். வேண்டுமென்றே தாமதம் செய்கிறார் என்று நான் எழுதிக் கொடுத்த மனிதர், நாள் முழுக்க என் கண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை பெட்டி, எத்தனை ஐந்து! இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். புகார் இரண்டும் பொய் என்று முதல் வரி. கேபின் போய்விட்டது. உங்கள் மச்சினியிடமும் சொன்னேன். "பல்லி ஒண்ணுதாங்க" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது! ஊருக்கே தெரிந்த ரகசியத்தை நான் ஒருவன்தான் பொத்திவைத்திருந்திருக்கிறேன்.

எப்போது வரட்டும்?

உங்கள் தம்பி

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். ஆபரேஷன் செய்த கண் இன்னும் சிவப்புதான், அரிப்பு குறைந்துவிட்டது. அண்ணி கட்டிக்கொடுத்த தலையணை வழி முழுக்க உதவியது. உங்கள் முட்டியோடு ஆஸ்பத்திரி மாடி ஏறி இறங்கினீர்களே, அதை நினைத்தால் இங்கே எனக்கு வலிக்கிறது. உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது அண்ணா.

அந்தக் கண் டாக்டர் ஒரு சின்ன அட்டையால் இந்தக் கண்ணைப் பொத்தி, அந்தக் கண்ணைப் பொத்தி, கால் மணி நேரம் விளையாடியதை உங்கள் மச்சினி எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாள். "சின்ன வயசுலேந்தே இந்தக் கண்ணு வெளிய போகப் பாத்திருக்கு. மூளை இத்தன வருஷமா இழுத்துப் புடிச்சு வெச்சிருந்துச்சு. இப்ப புடி தளந்துடுச்சு. பயந்தா, அசந்தா, விட்டுடுது" என்று அவர் சொன்னபோது, நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். பேராசிரியை அம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை.

ஒன்று கேள்விப்பட்டீர்களா? அறுவை சிகிச்சையில் ரத்தம் அதிகம் கசியாமலிருக்க அவர்கள் போட்ட மருந்தில் துளி அட்ரினலினும் உண்டாம். நர்ஸ் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாவம், அதன்மேல் நாம் எவ்வளவு பழி போட்டோம்!

வரும் மாதத்திலிருந்து தரையில் வேலை. விசிலண்ணனைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் அவருக்கு உதவி. ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்.

அன்புடன்,
தம்பி

செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக வீடு சேர்ந்த செய்தி கிடைத்து நிம்மதியாகச் சாப்பிட்டோம். முட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது என்னோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டுவிட்டது.

நீ நன்றி நன்றி என்று எழுதுகிறாய். நான்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரிடம், "இவர் என் அண்ணன், கண் தசையிலயே வேலை பாக்குறவரு" என்று அறிமுகப்படுத்தினாயே. அவ்வளவு தப்பாகச் சொன்னவனை அப்படிச் சொல்ல உனக்கு மனசு வந்தது. உன் அண்ணி இப்போது தினமும், "இன்னிக்கு சதை இழுத்துச்சா?" என்று கேட்கிறாள். பதில் சொல்லும் முன் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிறேன்.

மச்சினிக்கும் உன் ஒற்றைப் பல்லிக்கும் ஆசிகள்.

அண்ணன்

டிசம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுதலாம், ஒளிக்க ஒன்றுமில்லை.

மூன்று பரிசோதனை, இரண்டு கையெழுத்து, ஒரு மூக்குக்கண்ணாடி. எல்லாம் முடிந்து நேற்று என்னை மறுபடியும் மேலே ஏற்றினார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஏணி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. உங்கள் அட்ரினலின் ஒரு குடம் ஊறியிருக்கும். கொக்கியைப் பார்த்தேன். ஒன்று. கம்பியைப் பார்த்தேன். ஒன்று.

கீழே விசிலண்ணன். முதல் பெட்டியைத் தூக்கினேன், திருப்பினேன், இறக்கினேன். காற்றும் இருந்தது, பெட்டி லேசாக ஆடவும் செய்தது. ஆள் உயரம் வந்ததும் முஷ்டி மேலே வரும் என்று நானே கையைத் தளர்த்திக் காத்திருந்தேன்.

வரவில்லை. என்னை அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். மற்ற எல்லோருக்கும் காட்டுவதுபோல, நிறுத்தாமல், எண்ணாமல், நேராக இறக்கக் கை காட்டினார்.

இறக்கினேன். பெட்டி கோட்டின்மேல் கோடாக உட்கார்ந்தது. எனக்குக் கண் முட்ட நீர் கட்டிக்கொண்டது, மூக்குக்கண்ணாடி பூராவும் ஈரம். அப்போதும் அண்ணா, கீழே ஒரே ஒரு விசிலண்ணன்தான் தெரிந்தார்.

என்றும் நன்றியோடு,
உங்கள் நண்பர்